வட்டு சொல்வதை நம்பும் ஆய்வகங்கள்

ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்து எத்தனை விழுக்காடு என்று அளக்க இந்தியப் பல்கலைக்கழகங்களிடம் மென்பொருள் உண்டு, விதிமுறை உண்டு, குழுவும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள் 10 விழுக்காடு வரை ஒரு நிலை, 40 வரை ஒரு நிலை, 60 வரை ஒரு நிலை என்று படிகளை வகுத்து, பத்தைத் தாண்டிய ஒவ்வொரு படிக்கும் நடவடிக்கையையும் குறித்துவைத்திருக்கின்றன. அந்த ஆய்வேட்டின் அட்டவணைகள் எந்தத் தரவிலிருந்து கணக்கிடப்பட்டனவோ அந்தத் தரவு, மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டபடியே இன்றும் வட்டில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விதிமுறையும் இல்லை, குழுவும் இல்லை. பெரும்பாலான துறைகளில் இதைக் கேட்க ஓர் ஆள்கூட இல்லை.

கேள்வி தத்துவச் சிக்கல் அன்று. துறையின் சர்வரில் எந்தக் கோப்பு முறைமை இருக்கிறது என்பதைப் பொறுத்து இதற்குத் திட்டவட்டமான விடை கிடைக்கும், அல்லது விடையே கிடைக்காது. விடை கிடைக்காத வகையைத்தான் இந்திய ஆய்வகங்கள் தொடர்ந்து தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கின்றன. தேர்ந்தெடுக்கின்றன என்று சொல்வதுகூட மிகையான மரியாதை. நிறுவல் நிரல் காட்டிய முதல் விருப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன.

இந்த விவகாரம் இப்போது அவசரமாகியிருப்பதற்கு ஒரு வணிக நிகழ்வு காரணம். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்றது. 2024 பிப்ரவரியில் இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயும் நிறுத்தப்பட்டது. 2025இல் அது திரும்பி வந்தாலும் நம்பிக்கை திரும்பி வரவில்லை. ஆண்டுதோறும் சந்தா கட்ட இயலாத துறைகள் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற திறந்த மூல மேடைகளுக்கு நகர்கின்றன. விஎம்வேர் காலத்தில் உள்ளூர் வட்டுகளுக்கு விஎம்எஃப்எஸ் என்ற ஒன்றுதான். தேர்வு என்ற பேச்சே எழவில்லை. ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவும்போது எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று ஒரு பட்டியல் திரையில் வருகிறது. எக்ஸ்ட்4 முன்கூட்டியே தேர்வாகி நிற்கிறது. அதை ஏற்றால் இயங்குதளம் எக்ஸ்ட்4இலும், மெய்நிகர் கணினிகள் எல்விஎம்-தின் என்ற அடுக்கிலும் அமரும். அடுத்த திரைக்குப் போக அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிட முடிவு சர்வரின் ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது. இந்தியத் துறைகளில் ஒரு சர்வரின் ஆயுள் என்பது அதை வாங்கிய பேராசிரியர் ஓய்வு பெறும் வரை. ஓடும் சர்வரில் இதை இடத்திலேயே மாற்ற முடியாது. எல்லாவற்றையும் வேறெங்கோ நகர்த்தி, வட்டுகளைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வட்டுகள் செத்துப்போவதை எல்லோரும் அறிவார்கள். வட்டுகள் பொய் சொல்வதைச் சிலரே அறிவார்கள். ஒவ்வொரு வட்டுக்குள்ளும் பிழை திருத்தக் குறியீடு உண்டு. ஓரிரு பிட்டுகள் புரண்டால் அது சரிசெய்துவிடும், முடியாவிட்டால் படிக்க இயலவில்லை என்று அறிவித்துவிடும். அந்த வலையில் சிக்காத பிழைகள் வேறு இனம். எழுதிவிட்டேன் என்று வட்டு சொல்லும், எழுதியிருக்காது. அல்லது சரியான தரவைத் தவறான இடத்தில் எழுதிவிடும். அல்லது கேபிளிலோ, கண்ட்ரோலரிலோ, வட்டின் ஃபர்ம்வேரிலோ தரவு உருமாறி, உருமாறிய வடிவத்துக்கே பிழை திருத்தக் குறியீடும் கணக்கிடப்பட்டு ஒழுங்காகப் பதிவாகிவிடும். மறுமுறை படிக்கும்போது வட்டு எந்தப் புகாரும் இன்றித் தவறான பிளாக்கைத் தரும்.

எழுதாமல் விடப்பட்ட பிளாக்கின் விளைவை ஆய்வாளர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அங்கே குப்பை இருக்காது. முந்தைய பதிப்பு இருக்கும். சென்ற வாரம் திருத்தப்பட்ட அளவீடுகளில் ஒரு பகுதி மட்டும் திருத்தத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பியிருக்கும். எண்கள் எண்களாகவே இருக்கும், வரம்புக்குள் இருக்கும், வரைபடத்தில் ஒழுங்காக அமரும். சுருக்கப்பட்ட கோப்பு கெட்டால் திறக்க மறுத்து ஓலமிடும். பைனரியாக வரிசைப்படுத்தி வைக்கப்பட்ட தசம எண்களின் கோப்பு கெட்டால் ஓலமிடாது. 64 பிட் தசம எண்ணில் 52 பிட்டுகள் பின்னப் பகுதி. அவற்றில் ஒன்று மாறினாலும் கிடைப்பது நம்பத்தகுந்த ஓர் எண்தான். மாதிரியின் பிழை வரம்பை நான்கு பக்கங்களுக்கு விவாதிக்கும் ஆய்வேடு, இந்தப் பிழையை ஒரு வரியிலும் குறிப்பிடுவதில்லை.

இது கற்பனை அச்சம் என்று சொல்பவர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தாக வேண்டும். லட்சுமி பைரவசுந்தரமும் விஸ்கான்சின், டொரான்டோ பல்கலைக்கழகங்களையும் நெட்ஆப் நிறுவனத்தையும் சேர்ந்த அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்டது. 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதங்கள் கவனித்ததில், எழுதியதும் படித்ததும் பொருந்தாத நிகழ்வுகள் நான்கு லட்சத்துக்கும் மேல். அவற்றில் 8 விழுக்காடு தெரியவந்தது, ஒரு வட்டு செத்து ரெய்டு மீளமைக்கப்படும் வேளையில். அதாவது தரவை வேறெங்கிருந்தும் மீட்க வழி குறைந்து நிற்கும் வேளையில். விலை குறைந்த சாட்டா வகை வட்டுகளில் இது நிறுவனத்தர வட்டுகளைவிடச் சுமார் பத்து மடங்கு அடிக்கடி நேர்ந்தது. இந்தியத் துறைகள் ஒப்பந்தப்புள்ளியில் வாங்குவது பெரும்பாலும் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், தன் 3000க்கும் மேற்பட்ட கணினிகளில் அறிந்த தரவை எழுதி, திரும்பப் படித்துச் சோதித்தது. ஐந்து வாரங்களில் சுமார் 100 கணினிகளில் 500 பிழைகள் தென்பட்டன. அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம், ரெய்டு கண்ட்ரோலரும் வட்டின் ஃபர்ம்வேரும் ஒத்துப்போகாதது.

முதல் ஆய்வில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த நான்கு லட்சம் நிகழ்வுகளும் எண்ணப்பட்டதற்குக் காரணம், அந்தச் சேமிப்புப் பெட்டிகள் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கூடவே எழுதிவைத்திருந்தன என்பதே. தொகை இல்லாத பெட்டியில் அதே நான்கு லட்சமும் நேர்ந்திருக்கும், கணக்கு பூஜ்யம் என்று வந்திருக்கும். "பத்து வருடமாக எக்ஸ்ட்4 ஓடுகிறது, ஒரு பிட்கூடக் கெட்டதில்லை" என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொல்லும்போது, அவர் சொல்வது வெப்பமானி இல்லாத வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வந்ததில்லை என்பதைப் போன்றது. அளவியல் பாடம் நடத்துபவர்களே இப்படிப் பேசுவதுதான் வியப்பு.

இந்த இடத்தில் ரெய்டு கார்டு மேசைக்கு வரும். விலைப்புள்ளியில் அது எப்போதும் உண்டு. விற்பனையாளருக்கு அது பழக்கமான வரி, கொள்முதல் குழுவுக்கு அது பாதுகாப்பின் மறுபெயர். கார்டு செய்வது என்ன? ஒரு வட்டு செத்தால் மற்றொன்றிலிருந்து வேலையைத் தொடர வைக்கிறது. அது உண்மையான பயன், மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்கமான படிப்பின்போது மிரர் அமைப்பில் கார்டு ஏதோ ஒரு வட்டிலிருந்து மட்டுமே படிக்கிறது, இன்னொன்றோடு ஒப்பிடுவதில்லை. மாதாந்தரச் சோதனையில் ஒப்பிடும்போது இரண்டும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு நேரம் காட்டும் வீட்டில் எது சரியான நேரம் என்று கடிகாரங்களைக் கேட்டால் என்ன பதில் வரும்? லினக்ஸின் மென்பொருள் ரெய்டும் இதே நிலைதான்: மிரரில் பழுது பார் என்று கட்டளையிட்டால் முதல் பிரதியை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். முதல் பிரதி கெட்டிருந்தால் நல்ல பிரதியும் அத்துடன் ஒழிந்தது. ரெய்டு 5இல் பாரிட்டி பொருந்தாவிட்டால், தரவே சரி என்று வைத்துக்கொண்டு பாரிட்டியைத் திருத்தி எழுதுவது வழக்கம். பொய்க்குப் பொருத்தமாகச் சாட்சியத்தை மாற்றி எழுதும் வேலை இது.

கார்டின் பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது இந்தியச் சர்வர் அறைகளின் தனிக் கதை. கார்டு வேகமாக எழுதுவதாகத் தோன்றுவது, தன் கேஷ் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன் என்று சொல்வதால். மின்சாரம் போனால் அந்தக் கேஷில் தங்கிய தரவைக் காப்பது பேட்டரி. இரவில் குளிர்சாதனத்தை அணைத்துவிடும் அறைகளில் பேட்டரி விரைவில் முதுமையடைகிறது. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு அது ஓய்கிறது. கார்டு விவேகமாகக் கேஷைக் கைவிட்டு நேரடியாக எழுதத் தொடங்குகிறது. எல்லா மெய்நிகர் கணினிகளும் தவழ்கின்றன. ஆய்வு மாணவர் ஒருவர் எங்கோ தேடி, பேட்டரி இல்லாவிட்டாலும் கேஷைப் பயன்படுத்து என்ற அமைப்பைக் கண்டுபிடித்து இயக்கிவிடுகிறார். வேகம் திரும்புகிறது, பாராட்டும் கிடைக்கிறது. அடுத்த மின்வெட்டு வரை அங்கே எல்லாம் நலம். புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டரும் ஃபிளாஷும் வருகின்றன, நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. ஆனால் துறைகளில் ஓடுபவை புதிய கார்டுகள் அல்ல.

எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டையும் இகழ்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. எக்ஸ்ட்4 2008இல் நிலையானது என்று லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. எக்ஸ்எஃப்எஸ் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் தொண்ணூறுகளில் பிறந்து, 2014இல் ரெட்ஹாட் 7இன் இயல்புத் தேர்வானது. இரண்டும் வேகமானவை, திடமானவை, பழுது பார்க்கும் கருவிகள் முதிர்ந்தவை. இரண்டும் தங்கள் சொந்தக் குறிப்பேடுகளுக்கு, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரங்களுக்கு, சரிபார்ப்புத் தொகை வைத்துக்கொள்கின்றன. பயனரின் தரவுக்கு வைப்பதில்லை. நூலகத்தின் அட்டவணை பூட்டிய பெட்டியில், புத்தகங்கள் திண்ணையில் என்பது போன்ற ஏற்பாடு. மெய்நிகர் சர்வரில் இந்த ஏற்பாட்டின் குறை இன்னும் விரிகிறது. ஹோஸ்டின் கண்ணுக்கு ஒரு மெய்நிகர் கணினி முழுவதும், அதனுள் இருக்கும் கோப்பு முறைமையின் குறிப்பேடுகள் உட்பட, வெறும் தரவுதான். பத்துப் பேரின் ஆய்வு பத்துப் பெரிய பைட் மூட்டைகளாக அங்கே கிடக்கிறது. எந்த மூட்டையிலும் முத்திரை இல்லை.

பிடிஆர்எஃப்எஸ் முத்திரை இடுகிறது. 2009இலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, உரிமத் தகராறு இல்லை, மடிக்கணினிக்கு நல்ல தேர்வு. மெய்நிகர் கணினிகளுக்கு வந்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பழைய பிளாக்கின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் முறை அது. மெய்நிகர் வட்டுக் கோப்பில் ஓயாமல் சிறு சிறு எழுத்துகள் விழுவதால் கோப்பு துண்டு துண்டாகச் சிதறி வேகம் விழுகிறது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, அந்தக் கோப்புகளுக்கு மட்டும் புதிய இடத்தில் எழுதுவதை அணைப்பது. அணைத்தால் அவற்றுக்கான சரிபார்ப்புத் தொகையும் சேர்ந்து அணைந்துவிடும். எந்தக் காரணத்துக்காக பிடிஆர்எஃப்எஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அந்தக் காரணம், மிக முக்கியமான கோப்புகளில் மட்டும் இல்லாமல் போகிறது. அதன் ரெய்டு 5, 6 வடிவங்களை நம்பிப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. ப்ராக்ஸ்மாக்ஸ் 2021இல் அதைச் சேர்த்தபோதும் தொழில்நுட்ப முன்னோட்டம் என்ற பெயரில்தான் சேர்த்தது.

எஞ்சுவது இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அரென்ஸும் 2001இல் தொடங்கி, 2005இல் மூலநிரல் திறக்கப்பட்ட கோப்பு முறைமை. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கிய பின் தனிவழி பிரிந்து, 2013 முதல் ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் வளர்கிறது. லினக்ஸுக்கு அதைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம். ஆய்வுத் தரவைச் சேமிக்க வேண்டிய தேவையிலிருந்தே அந்த வேலை தொடங்கியது.

அதன் மையக் கருத்து எளியது. ஒவ்வொரு பிளாக்கின் சரிபார்ப்புத் தொகையும் அந்த பிளாக்கின் பக்கத்தில் இல்லை; அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் இருக்கிறது. மேல் பிளாக்கின் தொகை அதற்கும் மேலே. இப்படி உச்சி வரை சங்கிலி போகிறது. பக்கத்திலேயே தொகை இருந்தால், எழுதப்படாமல் விடப்பட்ட பழைய பிளாக்கும் அதன் பழைய தொகையும் ஒன்றோடொன்று பொருந்திவிடும், பொய் பிடிபடாது. மேலிருந்து பார்க்கும்போது பொருந்தாது, பிடிபடும். மிரர் இருந்தால் இரு கடிகாரப் பிரச்சினையும் தீர்கிறது: எந்தப் பிரதி தொகையோடு பொருந்துகிறதோ அதுவே சரி, மற்றது அந்தக் கணமே திருத்தி எழுதப்படுகிறது. ஸ்க்ரப் என்ற முழுச் சோதனை எல்லாப் பிளாக்குகளையும் படித்துப் பார்த்து, எத்தனை பிழை, எந்த வட்டில், திருத்த முடியாமல் போனது எது என்று எழுதிக் கொடுக்கிறது. டெபியனில் இசட்எஃப்எஸை நிறுவினால் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை இது தானாக ஓடும். ஒப்புமை அறிக்கையை ஆய்வேட்டுடன் இணைக்கச் சொல்லும் அலுவலகம் இந்த அறிக்கையையும் இணைக்கச் சொன்னால் கூடுதலாக ஒரு தாள்கூடச் செலவாகாது.

எதிர்ப்புகள் உண்டு. சில சோம்பலிலிருந்து வருபவை, சில உண்மையானவை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் விவாதத்தைக் கெடுக்கிறது.

ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிகாபைட் நினைவகம் கட்டாயம் என்பது வாய்வழி மரபு. இசட்எஃப்எஸ் காலியாக இருக்கும் நினைவகத்தைக் கேஷாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் நெடுங்காலம் அதன் உச்சவரம்பு மொத்த நினைவகத்தில் பாதியாக இருந்தது. மெய்நிகர் கணினிகளுக்கும் நினைவகம் வேண்டும் என்பதால் மோதல் வந்தது உண்மை. ஒரே வரியில் வரம்பு குறித்துவிட்டால் மோதல் தீர்ந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1இலிருந்து நிறுவல் நிரலே பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 16 ஜிகாபைட் என்று குறித்துவிடுகிறது. நினைவகத்தை உண்மையிலேயே விழுங்குவது இரட்டிப்பு நீக்கும் வசதி. பிளாக் ஒன்றுக்குச் சுமார் 320 பைட் என்று வைத்தால், 8 கிலோபைட் பிளாக்குகள் கொண்ட ஒரு டெராபைட்டுக்கு நாற்பது ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். அதை இயக்காமல் இருப்பதே போதும்.

பிழை திருத்தும் இசிசி நினைவகம் இல்லாமல் இசட்எஃப்எஸ் ஆபத்து என்பது இன்னொன்று. விஸ்கான்சினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்து, வட்டுப் பிழைகளை இசட்எஃப்எஸ் திறம்படத் தாங்குகிறது, நினைவகப் பிழைகளை அப்படித் தாங்குவதில்லை என்று எழுதினார்கள். நியாயமான முடிவு. ஆனால் நினைவகத்தில் தரவு கெட்டால் எக்ஸ்ட்4ம் அந்தக் கெட்ட தரவைத்தான் எழுதும். இசிசி வாங்க வேண்டும் என்பதற்கு இது வாதம். இசட்எஃப்எஸ் வேண்டாம் என்பதற்கு வாதம் ஆகாது. சர்வர் என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிகளில் அது அநேகமாக இருக்கிறது.

உரிமப் பிரச்சினையை எளிதில் ஒதுக்க முடியாது. இசட்எஃப்எஸின் உரிமமும் லினக்ஸ் கெர்னலின் உரிமமும் ஒன்றாகச் சேர்வதில்லை என்பது பலரின் கருத்து. லினஸ் டோர்வால்ட்ஸ் 2020இல் வெளிப்படையாகவே இசட்எஃப்எஸைப் பயன்படுத்த வேண்டாம் என்றார். உபுண்டு 2016 முதல் அதைச் சேர்த்தே விநியோகிக்கிறது, அது உரிம மீறல் என்று மென்பொருள் சுதந்திர அமைப்பு ஒன்று அறிக்கை வெளியிட்டது. தகராறு விநியோகிப்பவரைச் சார்ந்தது. தன் சர்வரில் நிறுவி ஓட்டும் துறையை அது தொடுவதில்லை. தொடுவது வேறொரு வகையில்: ரெட்ஹாட் குடும்ப இயங்குதளங்களில் இசட்எஃப்எஸ் உடன் வராது, கெர்னல் புதுப்பிக்கப்படும்போது தனி மாட்யூல் பின்தங்கிவிடலாம். அந்தக் குடும்பத்திலேயே ஊறிய ஆய்வகங்களுக்கு இது நடைமுறைத் தலைவலி. இசட்எஃப்எஸை உடன் தரும் மேடையைத் தேர்ந்தால் தலைவலி இல்லை.

வேகம் விஷயத்தில் வாதாடிப் பயனில்லை. வேகமான என்விஎம்இ வட்டுகளில் எல்விஎம்-தின் முந்தும். தொகை கணக்கிடுவதும் புதிய இடத்தில் எழுதுவதும் இலவசம் அல்ல. கடையில் மலிவாகக் கிடைக்கும் மேசைக்கணினி எஸ்எஸ்டிகளைப் போட்டால் நிலைமை மோசமாகும். தரவுத்தளங்கள் அடிக்கடி "உறுதியாக எழுது" என்று கேட்கும். மின்தடைப் பாதுகாப்புக் கெபாசிட்டர் இல்லாத எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் வரை போய்த் திரும்ப வேண்டும். இசட்எஃப்எஸ் அந்த எழுத்தை முதலில் தன் குறிப்பேட்டிலும் பிறகு உரிய இடத்திலும் எழுதும். எஸ்எஸ்டியின் ஆயுள் அதற்கேற்பக் குறையும். கெபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டிகளை வாங்க வேண்டும், பணம் அதிகம்தான்.

உண்மையில் துறைகளைச் சுடும் பிழை வேறு. இணையத்தில் சேமிப்புப் பெட்டிகளுக்காக எழுதப்பட்ட அறிவுரையைப் படித்து மெய்நிகர் சர்வருக்கு ரெய்டுஇசட்2 அமைக்கிறார்கள். 8 டெராபைட் வட்டுகள் ஆறு. இரண்டு பாரிட்டிக்குப் போக 32 டெராபைட் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு. மெய்நிகர் வட்டின் பிளாக் 8 கிலோபைட் என்றால், 4 கிலோபைட் செக்டர்களில் தரவுக்கு இரண்டு, பாரிட்டிக்கு இரண்டு, ஆக நான்கு. ரெய்டுஇசட்2 மூன்றின் மடங்கில்தான் இடம் ஒதுக்கும், நான்கு ஆறாகிறது. 8 கிலோபைட்டை வைக்க 24 கிலோபைட். 48 டெராபைட்டில் கையில் நிற்பது 16. சர்வர் பாதியிலேயே நிரம்பி நிற்கும்போது இசட்எஃப்எஸ் இடத்தைத் தின்கிறது என்று பழி வருகிறது. அதே அமைப்பில் பிளாக் 16 கிலோபைட் என்றால் தரவுக்கு நான்கு, பாரிட்டிக்கு இரண்டு, சரியாக ஆறு. எதிர்பார்த்த 32 கிடைக்கும். ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2இலிருந்து 16 இயல்பாகிவிட்டது, ஆனால் முன்பே உருவாக்கிய வட்டுகளில் மாற்ற முடியாது. மெய்நிகர் கணினிகளுக்கு மிரர் ஜோடிகளே மேல். 24 டெராபைட் கிடைக்கும், வேகமும் கூடும். ரெய்டு கார்டு ஏற்கெனவே இருந்தால் அதை வட்டுகளை நேரடியாகக் காட்டும் நிலைக்கு மாற்ற வேண்டும். கார்டின் ரெய்டுக்கு மேல் இசட்எஃப்எஸை ஏற்றினால் பிழையைக் கண்டுபிடிக்கும், திருத்துவதற்கு இரண்டாம் பிரதி அதன் கைக்கு எட்டாது.

இசட்எஃப்எஸும் மனிதர் எழுதிய நிரல்தான். 2023 நவம்பரில் அதில் ஒரு பிழை வெளியானது: சில அரிய சூழல்களில் கோப்பை நகலெடுக்கும்போது நகலின் சில பகுதிகள் பூஜ்யங்களாக வந்தன. புதிய வசதி ஒன்றின் மேல் முதலில் சந்தேகம் விழுந்தது, பிறகு பல ஆண்டுகளாகவே உறங்கிக்கிடந்த பிழை என்று தெரிந்தது. அந்த மாத இறுதிக்குள் திருத்தம் வந்தது. நகலே தவறாக உருவானதால் சரிபார்ப்புத் தொகை அதைப் பிடிக்கவில்லை. எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டுவது முற்றிலும் நியாயம். தொகை வைப்பதால் வட்டும் கார்டும் கேபிளும் சொல்லும் பொய்கள் பிடிபடும். கோப்பு முறைமையே சொல்லும் பொய் பிடிபடாது. அதற்கு, வேறிடத்தில் வேறு வகையில் எடுத்த நகல் வேண்டும்.

ஸ்நாப்ஷாட் இருக்கிறது, காப்பு நகல் எதற்கு என்ற கேள்வி அடிக்கடி எழுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்நாப்ஷாட் அதே வட்டுகளில் இருக்கிறது. வட்டுகள் போனால் அதுவும் போகும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் 77 டெராபைட், சுமார் 3.4 கோடிக் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களின் உழைப்பு அழிந்தது. வட்டு கெடவில்லை, கோப்பு முறைமை கெடவில்லை. காப்பு நகலுக்கான நிரலைப் புதுப்பித்தபோது நேர்ந்த தவறு அழித்தது. எந்தச் சரிபார்ப்புத் தொகையும் அதைத் தடுத்திருக்காது. இசட்எஃப்எஸ் இங்கே செய்யும் உதவி வேறு: மாறிய பிளாக்குகளை மட்டும் இன்னொரு கட்டடத்தில் உள்ள பெட்டிக்கு அனுப்பும் வசதி அதனுடனேயே வருகிறது. வளாகத்தின் உள் இணைப்பில் பெரும்பாலான இரவுகளில் அது விடிவதற்குள் முடிந்துவிடும்.

எல்லா இடத்திலும் இசட்எஃப்எஸ் என்று பிடிவாதம் பிடிப்பது மடமை. பருவத்துக்குப் பருவம் அழித்துவிட்டு வார்ப்பிலிருந்து மறுபடி உருவாக்கும் பயிற்சி ஆய்வகக் கணினிகளுக்கு எல்விஎம்-தின் தாராளமாகப் போதும். அதன் இடம் முழுவதும் நிரம்பாமல் பார்த்துக்கொண்டால் சரி, நிரம்பினால் எல்லாக் கணினிகளும் ஒன்றாக விழும். தன் பக்கங்களுக்குத் தானே தொகை வைத்துக்கொள்ளும் தரவுத்தளம் தனியாக ஓடும் சர்வரில் எக்ஸ்எஃப்எஸ் குற்றம் இல்லை. போஸ்ட்கிரெஸ் 18இலிருந்து அது இயல்பாகவே இயங்குகிறது. இழந்தால் மறுபடி உருவாக்க முடியாத தரவு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் இந்த வாதம். களப்பணியின் ஒலிப்பதிவுகள், நோயாளிகளின் பத்தாண்டுத் தொடர் பதிவுகள், ஒருமுறை மட்டுமே கிடைத்த வானியல் அவதானிப்பு.

தடை தொழில்நுட்பத்தில் இல்லை, கொள்முதல் கோப்பில் இருக்கிறது. விவரக்குறிப்பு எழுதும்போது சென்ற ஆண்டின் கோப்பு திறக்கப்படுகிறது. அதில் முந்தைய ஆண்டின் வரிகள். அவற்றின் மூலம் ஒரு விற்பனையாளர் எப்போதோ தந்த தாள். இத்தனை கேஷுள்ள ரெய்டு கார்டு என்று ஒரு வரி அங்கே அழியாமல் நிற்கிறது. குறைந்த விலை கேட்டவருக்கே ஆணை என்ற முறையில், விவரக்குறிப்பில் எழுதாத எதுவும் பெட்டியில் வராது. எழுதிய எல்லாமும், தேவையோ இல்லையோ, வந்து சேரும். மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி என்று எழுதாததால் அது வருவதில்லை. வட்டுகளை நேரடியாக இயங்குதளத்துக்குக் காட்டும் எளிய எச்பிஏ கார்டு என்று எழுதாததால் அதுவும் வருவதில்லை. இந்த இரண்டு வரிகளைச் சேர்த்து ரெய்டு கார்டு வரியை நீக்க, கணினி மையத்தின் அனுமதி தேவையில்லை, புதிய மானியமும் தேவையில்லை. விவரக்குறிப்பில் கையெழுத்திடும் மூன்று பேராசிரியர்களில் ஒருவர் அதைப் படித்துப் பார்த்தாலே போதும். நீங்கிய கார்டும் அதன் பேட்டரியும் விட்டுவைக்கும் பணத்தில், பக்கத்துக் கட்டடத்தில் நகல் வாங்கிவைக்கும் பெட்டிக்கு இரண்டு பெரிய வட்டுகள் வாங்கலாம்.